நினைவு தெளிவாக இருக்கும்போதே

குடும்பத்தில் சொத்து, எதிர்காலம் என்று பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் உயிலில் தொடங்கி உயிலிலேயே முடிந்துவிடுகிறது. வீடு யாருக்கு, நகை யாருக்கு, வைப்புத்தொகையை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. ஆனால் உயில் என்பது எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வரும் ஆவணம். அவர் உயிரோடு இருக்கும்வரை அதற்கு எந்த வலுவும் இல்லை. பக்கவாதத்தாலோ, மறதி நோயாலோ, விபத்தில் தலையில் பட்ட அடியாலோ ஒருவர் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாமல் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வாழ நேர்ந்தால், அந்தக் காலம் முழுவதற்கும் உயிலில் உள்ள ஒரு வரிகூட உதவாது. அந்த இடைக்காலத்துக்கான ஏற்பாட்டைப் பற்றியே இங்கு முதன்மையாக எழுதுகிறேன். உயிலைப் பற்றியும் சொல்ல வேண்டியவை உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

என் பெரியப்பா கணக்கு வழக்குகளில் மிகவும் ஒழுங்கானவர். உயிலும் எழுதி வைத்திருந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சோடு புரிந்துகொள்ளும் திறனும் போனபோது, மருத்துவச் செலவுக்குப் போதுமான பணம் அவருடைய கணக்கிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டுமே இருந்தது. பெரியம்மாவும் அண்ணனும் வெளியில் கடன் வாங்கித்தான் அந்த நாள்களைக் கடந்தார்கள். இதற்காக நான் வங்கியைக் குறை சொல்லமாட்டேன். ஒருவருடைய பணத்தை அவருடைய ஒப்புதல் இல்லாமல் மனைவியிடமோ மகனிடமோ கூடக் கொடுக்கக் கூடாது என்பது நம் ஒவ்வொருவரையும் காக்கும் விதி. கணவன், மனைவி, பெற்ற பிள்ளை என்ற உறவு தானாகவே அந்த அதிகாரத்தைத் தந்துவிடுவதில்லை. பலருக்கும் இது தெரிய வருவது மருத்துவமனை வாசலில்தான் என்பதே என் வருத்தம்.

இந்த இடைக்காலத்துக்கு உதவக்கூடிய ஆவணம் அதிகாரப் பத்திரம். பேச்சு வழக்கில் பவர் என்போம். தம் சார்பில் வங்கிக் கணக்கை இயக்கவும், வாடகை வாங்கவும், வரி செலுத்தவும், தேவைப்பட்டால் சொத்தை விற்கவும் ஒருவர் இன்னொருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் அளிப்பது அது. ஆனால் முதுமைக்கான ஏற்பாடாக அதை நம்புவதற்கு முன், அதன் இயல்பிலேயே உள்ள ஒரு பெரிய குறையைப் புரிந்துகொள்ள வேண்டும். இப்படி அதிகாரம் பெற்றுச் செயல்படுபவரை முகவர் என்பார்கள். முகவரின் அதிகாரம், அதைக் கொடுத்தவரின் அதிகாரத்திலிருந்து பிறப்பது. கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் முகவர் பெற்றதும் அற்றுப்போகும் என்பது நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் (காமன் லா) பழைய கொள்கை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 201ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, மனநிலை பிறழ்ந்தாலோ முகவாண்மை முடிந்துவிடும். தந்தைக்கு மறதி நோய் முற்றிவிட்ட பிறகும் பழைய பவரைக் காட்டி மகன் கணக்கை இயக்கிக்கொண்டிருந்தால், அவன் நல்ல நோக்கத்தோடு செய்தாலும் சட்டத்தின் பார்வையில் அவனுக்கு அதிகாரம் இல்லை. எந்த நாளுக்காக அந்தத் தாளை எழுதி வாங்கினார்களோ, அந்த நாளில் அது செல்லாமல் போய்விடுகிறது.

இந்தக் குறையைப் பல நாடுகள் சட்டம் இயற்றியே சரிசெய்திருக்கின்றன. அமெரிக்காவில் முதலில் வர்ஜீனியா மாநிலம் 1954இல், கொடுத்தவர் திறனிழந்த பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்தை ஏற்றுச் சட்டம் செய்தது. பின்னர் எல்லா மாநிலங்களும் அவ்வழியே வந்தன. இங்கிலாந்தில் 1985இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி (நீடிக்கும் அதிகாரப் பத்திரம்) என்ற இன்றைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் 2008இல் இதே வகையான சட்டத்தை இயற்றி 2010 முதல் நடைமுறைப்படுத்தியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொத்துக்கு ஒரு பத்திரமும் உடல்நலப் பராமரிப்புக்கு ஒரு பத்திரமும் தனித்தனியே எழுதலாம். பிள்ளைகள் ஒரு நாட்டிலும் பெற்றோர் இன்னொரு நாட்டிலும் வாழும் குடும்பங்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: பெயர் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு நாட்டில் திறனிழப்பைத் தாண்டி நிற்கும் பத்திரம் இன்னொரு நாட்டில் நிற்காமல் போகலாம்.

இங்கிலாந்தின் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சிந்தித்துச் சேர்த்த காப்புகள் நிறைய இருக்கின்றன. பணம், சொத்து ஆகியவற்றுக்கு ஒரு பத்திரம். மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு இன்னொரு பத்திரம். கொடுப்பவர் விவரம் புரிந்துதான் கையெழுத்திடுகிறார், யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று மூன்றாம் நபர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். அதற்கென உள்ள அரசு அலுவலகத்தில் பதிவு செய்யும்வரை பத்திரத்தைப் பயன்படுத்த முடியாது. சொத்துப் பத்திரத்தைக் கொடுத்தவரின் சம்மதத்தோடு அவர் நலமாக இருக்கும்போதே பயன்படுத்தத் தொடங்கலாம். மருத்துவப் பத்திரமோ அவர் தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் மட்டுமே செயல்படும். இவை எதுவும் எழுதப்படாமல் ஒருவர் திறனிழந்துவிட்டால், குடும்பத்தார் நீதிமன்றத்தை அணுகி ஒருவரை நியமிக்கச் செய்ய வேண்டும். அதற்குக் காலமும் செலவும் அதிகம். அதைவிட முக்கியமாக, யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் உரியவரின் விருப்பத்தை அவர் வாயால் கேட்க முடியாது.

இந்தியாவில் இதற்கு இணையாக எல்லோருக்கும் பொருந்தும் சட்டம் இல்லை. நினைவிழந்து கிடப்பவருக்குக் காப்பாளரை நியமிக்க உயர் நீதிமன்றங்கள் தமக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்துகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கான வழிகாட்டுதல்களையே வகுத்துத் தந்தது. ஆனால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்து ஆணை பெறுவது எல்லாக் குடும்பங்களாலும் ஆகிற காரியமா? எனவே முன்கூட்டியே செய்யக்கூடிய வேறு ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும். அன்றாடச் செலவுக்கான கணக்கையாவது கணவன் மனைவி இருவர் பெயரிலும், யார் வேண்டுமானாலும் தனியே இயக்கக்கூடிய ஐதர் ஆர் சர்வைவர் முறையில் வைத்திருக்கலாம். சொத்து அதிகமாகவும் சூழல் சிக்கலாகவும் இருப்பவர்கள், வாழும்போதே ஒரு தனியார் அறக்கட்டளையை (பிரைவேட் டிரஸ்ட்) ஏற்படுத்தி அதில் நம்பிக்கைக்குரியவர்களை அறங்காவலர்களாக நியமிப்பதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்கலாம். உடல் மட்டும் தளர்ந்து அறிவு தெளிவாக இருப்பவரின் நிலை வேறு. கையெழுத்திட முடியாதவர் கைரேகையாலோ, அதுவும் இயலாவிட்டால் கால்விரல் ரேகையாலோ இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. அந்தச் சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும்.

அடுத்து, திறன் என்பதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மறதி நோய் என்று மருத்துவர் எழுதிவிட்டால் அன்றோடு எல்லாம் முடிந்துவிட்டது, இனி எந்த ஆவணத்திலும் கையெழுத்திட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். நோயின் பெயர் அளவுகோல் ஆவதில்லை. குறிப்பிட்ட அந்த முடிவை, அதை எடுக்கும் அந்த வேளையில், அவரால் புரிந்து எடுக்க முடிகிறதா என்பதையே சட்டம் பார்க்கிறது. 1870ஆம் ஆண்டின் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ என்ற ஆங்கில வழக்கில், மனமயக்க எண்ணங்களால் நெடுங்காலம் துன்பப்பட்ட ஒருவர் எழுதிய உயில் செல்லும் என்றே தீர்ப்பானது. தாம் செய்வது என்ன, தம்மிடம் உள்ள சொத்து ஏறக்குறைய எவ்வளவு, தம்மிடம் உரிமை எதிர்பார்க்கத் தகுந்தவர்கள் யார் என்பவை அவருக்குப் புரிந்திருந்தால், அவருடைய மயக்க எண்ணம் பங்கீட்டைப் பாதிக்காத வரை உயில் செல்லும் என்று அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல், பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஆகவே நோய் தொடக்க நிலையில் தெரியவந்திருந்தால் கைவிட்டுவிடாமல் உடனே செயல்பட வேண்டும். மருத்துவர் அன்றே பரிசோதித்து எழுதித் தரும் சான்று, பின்னாளில் யாரேனும் ஐயம் எழுப்பினால் பெருந்துணையாக நிற்கும். காத்திருக்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே திரும்பப் பெற முடியாத இழப்பு.

முகவராக யாரை நியமிப்பது என்பதில் குடும்பங்கள் மிகவும் தடுமாறுகின்றன. மூத்தவர் என்பதற்காகவோ, மற்றவர் மனம் வருந்துவார் என்பதற்காகவோ நியமிப்பதை நான் ஏற்கமாட்டேன். தம் சொந்தப் பணத்தை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்க வேண்டும். கடன் நெருக்கடியில் இருப்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், இன்னொருவரின் பணத்தை அவர் கையில் ஒப்படைப்பது அவருக்கே செய்யும் தீங்கு. பொறுமையாகப் படிவங்களை நிரப்பவும், ரசீதுகளைச் சேர்த்துவைக்கவும், தேவைப்பட்டால் சொந்த உடன்பிறப்பிடமே முடியாது என்று சொல்லவும் கூடியவர் யாரோ அவரே பொருத்தமானவர். இருவரை நியமிப்பதாக இருந்தால், அவர்கள் இணைந்து மட்டுமே செயல்பட வேண்டுமா, தனித்தனியாகவும் செயல்படலாமா என்று தெளிவாக எழுத வேண்டும். இணைந்து மட்டும் என்று எழுதினால் பாதுகாப்பு கூடும்; ஆனால் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ மற்றவரின் அதிகாரமும் சேர்ந்தே போய்விடும் அபாயம் உண்டு. எப்படி எழுதினாலும் மாற்றாக ஒருவர் பெயரைச் சேர்த்துவைப்பது நல்லது.

முதியவர்களின் பணம் அந்நியர்களால் மட்டும் பறிபோவதில்லை. நம்பி எழுதிக்கொடுத்த தாளே அதற்குக் கருவியாவதும் உண்டு. முகவர் தம் பணத்தையும் அவர் பணத்தையும் கலக்கக் கூடாது. அந்தப் பணத்தைத் தமக்கே கடனாகவோ பரிசாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கொடுத்தவரின் நலனுக்காகவே இருக்க வேண்டும். இவற்றைச் சட்டம் சொன்னாலும் பத்திரத்திலும் எழுதிவைக்கலாம். வீட்டை விற்க வேண்டுமானால் இன்னாருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்றோ, ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கை மற்றப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்றோ ஒரு வரி சேர்த்தால் போதும். கணக்குக் காட்டச் சொல்வதை அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை. நேர்மையாக உழைக்கும் முகவரை வீண் பழியிலிருந்து காப்பதும் அதே கணக்குதான். இன்னொன்றையும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்த நொடியிலேயே அதிகாரப் பத்திரம் பொதுவாக முடிந்துவிடும். ஈமச் செலவுக்காக என்றாலும், இறந்த பிறகு அந்தப் பவரைக் கொண்டு பணம் எடுக்கக் கூடாது. அங்கிருந்து உயிலும் வாரிசுரிமையும் தொடங்குகின்றன.

பணத்தைவிட மருத்துவ முடிவுகள் கடினமானவை. செயற்கைச் சுவாசத்தை எதுவரை தொடர்வது என்பது போன்ற கேள்வி வரும்போது, அவர் என்ன விரும்பியிருப்பார் என்று தெரியாத பிள்ளைகள் தங்களுக்குள் பிளவுபட்டு நிற்பதைக் காண்பது வேதனை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018இல், சிகிச்சை குறித்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. அதற்கான நடைமுறை மிகக் கடுமையாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் அலுவலர் (கெசட்டட் ஆபீசர்) முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். இந்த ஆவணம் எல்லா நிலைமைகளையும் முன்கூட்டிச் சொல்லிவிடாது. ஆனாலும், நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்றால் என்னை இயந்திரத்தில் வைத்திருக்க வேண்டாம் என்றோ, எந்த நிலையிலும் கடைசிவரை முயலுங்கள் என்றோ அவர் சொன்ன ஒரு சொல் இருந்தால், முடிவெடுக்கும் பிள்ளை ஆயுள் முழுவதும் குற்ற உணர்வைச் சுமக்க வேண்டியிராது.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை அப்பாவே தொடங்கினார். தம் அண்ணனுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர் அவர். அம்மாவையும் அக்காவையும் தம்பியையும் என்னையும் உட்காரவைத்து, எழுதிவைத்திருந்த ஒரு தாளைப் படித்தார். அதில், இருவரில் ஒருவர் தனித்துவிட்டால் வீட்டை விற்றுவிட்டுத் தம்பியோடு போய் இருப்பது என்று இருந்தது. அம்மா அதை மறுத்தார். தமக்கு நடமாட்டம் இருக்கும்வரை இந்த வீட்டை விட்டுப் போகப் போவதில்லை என்று சொன்னார். இத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவருக்கும் இதில் வேறு வேறு விருப்பம் இருந்தது அதுவரை அப்பாவுக்கே தெரியாது. பெற்றோரை ஒரே ஆளாகக் கருதித் திட்டமிடுவது எவ்வளவு பெரிய பிழை என்று அன்று எனக்குப் புரிந்தது. அம்மாவின் பெயரில் உள்ளது எது, அம்மாவின் முகவர் யார், அம்மா தம் உயிலில் என்ன எழுத விரும்புகிறார் என்பவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். கணவர் எழுதும் இடத்தில் கையெழுத்திடுபவராக மட்டும் அவரை நிறுத்திவிடக் கூடாது.

அடுத்துப் பங்கு பற்றிய பேச்சு வந்தது. அருகில் இருந்து பார்த்துக்கொள்பவர் அக்கா என்பதால் அவருக்குக் கூடுதலாக எழுத விரும்புவதாக அப்பா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் அனுப்பிய மருத்துவச் செலவும் கணக்கில் வருமா என்று கேட்டான். கேட்கத் தகுந்த கேள்விதான் அது. அப்பாவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பேசிப் பேசி நாங்கள் வந்துசேர்ந்த முடிவை மற்றவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். பராமரிப்பதில் ஒருவருக்கு ஆகும் செலவையும் அவர் இழக்கும் வருமானத்தையும் உயில்வரை கடனாக நிறுத்திவைக்காமல், பெற்றோரின் பணத்திலிருந்தே மாதாமாதம் கொடுத்துத் தீர்த்துவிடுவது சிறந்தது. உழைத்தவருக்கு உழைக்கும் காலத்திலேயே கைக்குப் போய்ச் சேரும். உயிலில் எஞ்சியதைச் சமமாகப் பிரிக்கலாம். சமமாகப் பிரிக்காவிட்டாலும் தவறில்லை. ஆனால் சமமற்ற பங்கீட்டின் காரணத்தைப் பிள்ளைகள் தந்தையின் வாயால் கேட்டிருக்க வேண்டும். இறந்த பிறகு ஒரு தாளில் படித்துத் தெரிந்துகொண்டால், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தம்மை எடைபோட்டதாகவே தோன்றும்.

குடும்பமாகப் பேசுவது வேறு. உயிலை எழுதுவது வேறு. வழக்கறிஞரிடம் விவரம் சொல்லும் நேரத்தில், அதிகம் பெறப்போகும் பிள்ளை அந்த அறையில் இருக்கக் கூடாது. உயிலை எழுதுவதில் முன்னின்று, அதனாலேயே பெரும் பலனும் அடைபவரின் பங்கை ஐயத்துக்குரிய சூழலாகப் பார்க்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1959இலேயே சொல்லியிருக்கிறது. நல்ல மனத்தோடு தந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப்போன மகள், பின்னாளில் அதற்காகவே நீதிமன்றத்தில் விளக்கம் சொல்ல நேரலாம்.

எந்த ஆவணத்துக்கும் முன்னால் தேவைப்படுவது ஒரு பட்டியல். வங்கிக் கணக்குகள், வைப்புத்தொகைகள், காப்பீடுகள், ஓய்வூதியம், பங்குகள், பத்திரங்கள் இருக்கும் இடம், மாதந்தோறும் தானாகக் கழிக்கப்படும் தவணைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாங்கிய கடனும் கொடுத்த கடனும் அவசியம் இடம்பெற வேண்டும். நண்பர் ஒருவருக்குச் சீட்டு எதுவும் வாங்காமல் கொடுத்த கைமாற்றுத் தொகை ஒன்றை அப்பா அந்தப் பட்டியலை எழுதும்போதுதான் அம்மாவிடம் சொன்னார். தொகைகளை எழுத விரும்பாதவர் எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதினாலும் போதும். கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகள் பெரும்பாலும் இருப்பதே தெரியாததால் அப்படிக் கிடப்பவை. கடவுச்சொற்களை உயிலில் எழுதக் கூடாது. நீதிமன்றத்துக்குப் போகும் உயில் மற்றவர்களும் பார்க்கக்கூடிய ஆவணமாகிவிடும். மின்னஞ்சலும் புகைப்படங்களும் இருக்கும் கணக்குகளுக்கு, நீண்ட நாள் பயன்பாடு இல்லாவிட்டால் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியைக் கூகுளும், இறந்த பிறகு அணுகத்தக்கவரைக் குறித்துவைக்கும் வசதியை ஆப்பிளும் தருகின்றன. கைப்பேசியைத் திறக்கும் எண் மிக முக்கியம், ஏனென்றால் இப்போது வங்கியின் உறுதிப்படுத்தும் குறியீடுகள் எல்லாம் அதற்குத்தான் வருகின்றன.

நாமினி என்ற நியமனதாரரைப் பற்றிய குழப்பம் பல குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. இந்தியாவில் நியமனதாரர் பொதுவாகப் பணத்தைப் பெற்று உரிய வாரிசுகளிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளர் மட்டுமே. காப்பீட்டைப் பற்றி 1984இலும், பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. இடையில் 2015இல் வந்த காப்பீட்டுச் சட்டத் திருத்தம், பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோரைக் காப்பீட்டில் நியமித்தால் அவர்களே பயனுரிமையாளர்களாகலாம் என்று மாற்றியது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது: ஓய்வூதியத் திட்டத்தின் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம் போகும், உயில் என்ன சொன்னாலும் சரி. மணமுறிவின்போது தம் உரிமையை விட்டுக்கொடுத்திருந்த முன்னாள் மனைவிக்கே, படிவம் மாற்றப்படாத ஒரே காரணத்தால், பணம் கொடுக்கப்பட்டது சரிதான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. எனவே உயிலில் உள்ள பெயர்களும் நியமனப் படிவங்களில் உள்ள பெயர்களும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, உயில் எழுதுவதற்கு இணையான வேலை. வசதிக்காக ஒரு பிள்ளையின் பெயரைக் கணக்கில் சேர்ப்பதும் இப்படிப்பட்டதே. எஞ்சிய பணம் அந்தப் பிள்ளைக்குப் பரிசா, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவா என்ற வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை சென்று, பரிசு என்று காட்டும் பொறுப்பு அந்தப் பிள்ளையுடையது என 2007இல் முடிந்தது. சேர்க்கும் நாளிலேயே நோக்கத்தை இரண்டு வரியில் எழுதிவைத்தால் இந்த வழக்குக்கே இடமிருக்காது.

உயிலின் வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இரண்டு சாட்சிகள் வேண்டும். இலங்கையில் நொத்தாரிசும் (நோட்டரி) இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் வேண்டும். பலன் பெறுபவர் சாட்சியாக இருந்தால் அவருக்குரிய பங்கே செல்லாமல் போகும் சட்டங்கள் உண்டு. அது பொருந்தாத இடங்களிலும் அவரைத் தவிர்ப்பதே நல்லது. இந்தியாவில் உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் செய்துவைப்பதை நான் பரிந்துரைப்பேன். எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பிரித்த பிறகு, இங்கே குறிப்பிடாத மற்ற அனைத்தும் யாருக்கு என்று ஒரு வரி அவசியம். அது இல்லாவிட்டால், உயில் எழுதிய பிறகு வாங்கிய சொத்து உயிலுக்கு வெளியே நின்றுவிடும். பலன் பெறுபவர் முன்னதாக இறந்துவிட்டால் யாருக்கு என்பதையும், உயிலை நிறைவேற்றுபவர் யார் என்பதையும் எழுத வேண்டும். அவரிடம் முன்பே சம்மதம் கேட்டிருக்கவும் வேண்டும். மேலும், எல்லாச் சொத்தையும் எவருக்கும் எழுதிவிடலாம் என்று எல்லா நாடுகளிலும் இல்லை. இஸ்லாமியச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். பிரான்சில் ஒரே பிள்ளை என்றால் சொத்தில் பாதியும், இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கும் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

இளம் பெற்றோர்கள் உயில் என்றால் முதியவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில்தான் அதன் தேவை மிகுதி. இருவருமே இல்லாமல் போனால் பிள்ளையை யார் வளர்ப்பது, அதற்கான பணத்தை யார் கையாள்வது என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டு பொறுப்புகளும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. தனித்து வாழ இயலாத மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை இருந்தால், பங்கை நேரடியாக அவர் பெயருக்கு எழுதாமல் ஓர் அறக்கட்டளையின் வழியாகக் கிடைக்கும்படி செய்வதைப் பற்றித் தகுந்தவரிடம் கட்டாயம் ஆலோசிக்க வேண்டும். உடன்பிறப்புகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை உண்மையாகவே இருக்கலாம். அந்த உடன்பிறப்புகளும் மூப்படைவார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிக்கல் எதற்கு, இப்போதே பிள்ளைகள் பெயருக்கு வீட்டை எழுதிவிடலாமே என்று பெற்றோர் சிலர் முடிவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை வேண்டாம் என்றே சொல்வேன். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு செய்து கொடுத்துவிட்ட தானத்தை அப்படித் திரும்ப வாங்க முடியாது. மகனுக்குக் கடன் நெருக்கடியோ மணமுறிவோ வந்தால் அந்த வீடும் அதில் சிக்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் செல்லாதென அறிவிக்க இந்தியாவின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் அதற்காகத் தீர்ப்பாயத்தின் படியேற நேர்வதே பெற்றோருக்குப் பெருந்துயரம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பராமரிப்பு நிபந்தனையையும், இருவரும் வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

திருமணம், மணமுறிவு, குழந்தை பிறப்பு, குடும்பத்தில் ஓர் இறப்பு, வேறு நாட்டில் குடியேற்றம் ஆகியவற்றில் ஏதேனும் நிகழ்ந்தால் எல்லா ஆவணங்களையும் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் திருமணம் செய்துகொண்டாலே முந்தைய உயில் பொதுவாக ரத்தாகிவிடும். ஒன்ராறியோவில் அந்த விதி 2022 தொடக்கத்தில் நீக்கப்பட்டது.

உயிலின் மூலப்படியைத் தம் ஒருவர் பெயரில் உள்ள வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர் இறந்த பிறகு அந்தப் பெட்டகத்தைத் திறக்க யாருக்கு உரிமை என்பதே உள்ளே இருக்கும் உயிலில்தான் எழுதப்பட்டிருக்கும். உயிலை நிறைவேற்றுபவருக்குத் தெரிந்த இடத்தில் வைக்கலாம்; இந்தியாவில் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைக்கும் வசதியும் இருக்கிறது. அதிகாரப் பத்திரத்தை இப்படி மூடிவைக்கக் கூடாது. கொடுத்தவர் நலமாக இருக்கும்போதே முகவரையும் அழைத்துக்கொண்டு தாமே வங்கிக்குச் சென்று, அதைப் பதிவேட்டில் ஏற்றச் செய்ய வேண்டும். எழுத்துப் பிழையோ, அதிகாரங்களில் விடுபட்டதோ, வங்கி கேட்கும் கூடுதல் படிவமோ இருந்தால் அன்றே தெரியும். திருத்திக் கையெழுத்திட அவரும் அங்கே இருப்பார்.